பதினோரு பேரில் ஒருவர்

தை பிறந்ததும் ஜெயசுதா செஞ்சிக்கு வருவாள். ஆடி பிறப்பதற்குள் போய்விடுவாள். ஆறு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

கல்யாணம் நடக்கிற மாதங்களில் மட்டும் ஆனந்தராஜின் கடைக்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். திண்டிவனம் ரோட்டில், டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய கடை. கப்பு, சாவிக்கொத்து, தலையணை உறை, தாம்பூலப் பை என்று எதைக் கொடுத்தாலும் அதன்மேல் மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை ஏற்றித் தருவார்கள். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மிஷின்மேல் துணியைப் போட்டு மூடும்போது ஆனந்தராஜ், "தேவைன்னா கூப்டறேன் சுதா" என்பார். அவள் திருப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு பஸ் ஏறுவாள். அங்கே தம்பி மனைவி முதல் நாள் கோழி எடுப்பாள். இரண்டாவது வாரம், "எப்ப அண்ணி கூப்டுவாங்க?" என்று கேட்பாள். கேள்வியில் தப்பு ஒன்றுமில்லை. ஜெயசுதாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

முப்பத்தெட்டு வயது. கல்யாணம் என்று ஒன்று நடந்து, இரண்டு வருடத்தில் இல்லையென்று ஆனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. யாரும் கேட்பதுமில்லை. செஞ்சியில் அவள் தங்குகிற மாடி அறைக்கு ஒரு ஜன்னல். பகலெல்லாம் வெயிலைக் குடித்த ராஜகிரி மலைப் பாறைகள் பொழுது சாய்ந்த பிறகு அந்த ஜன்னல் வழியாகத்தான் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். அறையில் ஒரு ஸ்டவ், ஒரு பாய், துணி காயப்போட ஒரு கயிறு. ஆறு வருடத்தில் அவள் அங்கே ஆணி ஒன்றுகூட அடித்ததில்லை.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்து, வலம் இடமாகத் திருப்பி, அதற்கென்று இருக்கிற காகிதத்தில் அச்செடுக்க வேண்டும். காகிதத்தில் நிறமெல்லாம் சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடக்கும். அதை வெள்ளைக் கப்பைச் சுற்றி ஒட்டி, மிஷினின் வாயில் வைத்து மூடினால் மூன்று நிமிடம். மணி அடித்ததும் கையுறையோடு எடுத்துக் காகிதத்தை உரிப்பாள். அப்போதுதான் முகங்களுக்கு ரத்தம் வரும். இந்த ஊரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் எத்தனையோ பேரை அவளுக்கு அடையாளம் தெரியும். பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், எதிரே வருகிற பெண்ணைப் பார்த்து, போன மாசியில் பச்சைப் புடவையில் போட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பெண்ணுக்கு இவள் யாரென்று தெரியாது. கடந்து போய்விடுவாள்.

*

தமிழினி கடைக்கு வந்தது வைகாசி முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னால். அனந்தபுரத்துப் பெண். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பேசும்போது கேட்கிறவர் முகத்தைப் பார்த்து, புரிந்ததா என்று ஒரு நொடி நிறுத்திப் பேசினாள்.

"இருநூத்தம்பது கப்புக்கா. நான், அவரு, எங்கம்மா, எங்க நைனா. நாலு பேரும் நிக்கற மாதிரி வேணும். வந்தவங்க எல்லாருக்கும் ரிட்டன் கிஃப்ட்டா குடுக்கப் போறோம்."

"நாலு பேரும் சேந்து எடுத்த போட்டோ இருக்குதா?"

"நைனா இல்லக்கா. எனக்குப் பதினோரு மாசம் இருக்கச்சொல்ல செத்துட்டாரு. பெங்களூருல கட்டட வேலை. சாரத்துலருந்து விழுந்துட்டாரு." மனப்பாடம் ஆன பாடத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு கைபேசியை எடுத்து நீட்டினாள். "அவுரு போட்டோ இது ஒண்ணுதான். அம்மா பெட்டியில இருந்துச்சு. தெரியாம எடுத்து செல்லுல புடிச்சிட்டேன்."

பழைய கலர் போட்டோ. ஆரஞ்சு நிறமாக வெளுத்திருந்தது. மேல்தளம் போட்டு முடித்த ஏதோ கட்டடத்தின் முன்னால் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தோளில் துண்டு, காலில் சிமெண்ட். ஜெயசுதா எண்ணினாள். பதினோரு பேர்.

"நடுவுல நீலச் சட்டை. சிரிச்சிக்கினு இருக்காரு பாருங்க, அவுருதான்." தமிழினி மற்றவர்களைக் கட்டைவிரலால் மறைத்தாள். "செத்தவங்கள சேத்துத் தருவீங்களாம்ல? எங்க ஸ்கூல்ல மீனம்பாள் டீச்சர் சொன்னாங்க."

"தருவோம்."

"பனமலையிலருந்து எங்க பெரியப்பாவூட்டு ஆளுங்க எல்லாரும் வராங்க. நைனா போனதுலருந்து போக்குவரத்தே இல்ல, இப்பதான் பத்திரிகை வெச்சோம். அவங்கல்லாம் பாக்கணும்க்கா. என் கல்யாணத்துல எங்க நைனா நிக்கணும்." குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்குத் தெரியாது. சர்ப்ரைஸ்."

ஜெயசுதா அந்தப் படத்தோடு மூன்று நாள் உட்கார்ந்தாள். முதலில் மற்ற பத்து பேரையும் அழித்தாள். பக்கத்தில் நின்றவன் நீலச் சட்டைக்காரரின் தோளில் கை போட்டிருந்தான். அந்தக் கையை விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது. இடது ஓரத்தில் இருந்தவரை அழிப்பது சுலபமாக இருந்தது. படம் எடுக்கும் நேரத்தில் அவர் பின்னால் திரும்பிவிட்டார். ஒரு காது, கழுத்து, கலங்கிய ஒரு தோள். ஒரே இழுப்பில் போய்விட்டார்.

தனியாக நின்ற முகத்துக்குப் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைக் கொஞ்சம் குறைத்தாள். மதியம் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடும்போதும் அவர் திரையில் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள், தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தவள், 'இருங்க வரேன்' என்று அந்த முகத்திடம் வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகு திரும்பி, கடையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். மணி இரண்டு ஆகியிருந்தது.

டிசைனை அனுப்பியதும் தமிழினி அழுகிற பொம்மைகளும் கும்பிடுகிற கைகளுமாகப் பதில் அனுப்பினாள். 'நேர்ல பாத்த மாதிரி இருக்குது அக்கா.'

*

வரவேற்புக்கு முந்தைய நாள் காலை, நூற்று நாற்பது கப்பு முடிந்திருந்தது. ஆனந்தராஜ் சென்னைக்கு வெள்ளைக் கப்பு வாங்கப் போயிருந்தார். இரண்டு மிஷினும் ஓட, கடை அடுப்படி மாதிரி கொதித்தது. வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கடைக்குள் செருப்போடு வரலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"தமிழினி கப்பு இங்கதான செய்றாங்க?"

"ஆமா. நீங்க?"

"அவ அம்மா. பவுனம்மா." வியர்வையைத் துடைக்காமல் உள்ளே வந்தாள். கெட்டியான உடம்பு, நரை அதிகமில்லாத தலை. கழுத்தில் ஒன்றுமில்லை. மேசைமேல் வரிசையாக ஆறிக்கொண்டிருந்த கப்புகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒன்றை எடுக்கப் போய், எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"எத்தினி ஆச்சி?"

"நூத்தி நாப்பது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்க்கா. நீங்க கவலப்படாதீங்க."

"நிறுத்தும்மா."

மணி அடித்தது. ஜெயசுதா பழக்கத்தில் மிஷினைத் திறந்து கப்பை எடுத்து உரித்தாள். நீலச் சட்டைக்காரர் பட்டு வேட்டியில் சிரித்தார்.

"இது எம் புருசன் இல்ல" என்றாள் பவுனம்மாள்.

ஜெயசுதா கப்பைக் கீழே வைத்தாள். தன்மேல்தான் தப்பு என்று முதலில் நினைத்தாள். ஓடிப்போய்ப் பழைய படத்தைத் திரையில் விரித்தாள். "நீலச் சட்டைன்னு உங்க பொண்ணுதான்க்கா காட்டுச்சு. பாருங்க, இவுருதான?"

"அவளுக்கு அவுருதான்." பவுனம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒண்ணாவது படிக்கச்சொல்ல அப்பா படம் வரையச் சொன்னாங்களாம். பெட்டியக் கொடஞ்சி இத எடுத்தாந்து, இவுருதானம்மான்னு இந்தாள காட்டுச்சு. நல்லா சிரிச்சிக்கினு, சட்டை போட்டுக்கினு, பாக்க லட்சணமா இருந்தாரு. நான் தலையாட்டிட்டேன்."

"உங்க வீட்டுக்காரரு?"

பவுனம்மாள் எழுந்து வந்து திரையின் இடது ஓரத்தைத் தொட்டாள். காது, கழுத்து, கலங்கிய தோள்.

"கலவை மிஷின் ஓடிக்கினு இருந்துச்சாம். நிறுத்தலையேன்னு திரும்பிப் பாத்துருக்காரு. அதுக்குள்ள எடுத்துட்டாங்க. வேற போட்டோ கெடையாது. எங்க கல்யாணத்துல ஏது போட்டோ? கோயில்ல தாலி கட்டுனாரு, வந்துட்டோம்." விரலை எடுக்கவில்லை. "புள்ள மூஞ்சி கேட்டுது. இந்தக் காத எப்படிக் காட்டறது?"

அந்தக் காதை அழிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று ஜெயசுதாவுக்கு ஞாபகம் இருந்தது.

"இந்த நீலச் சட்டை யாருக்கா?"

"யாரு கண்டா? கோலார் பக்கத்து ஆளுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. பேருகூட தெரியாது. அதனாலதான் இந்தப் படத்த மாட்டவுடல. மாலை போடவுடல. எங்கனா உசுரோட இருந்தா பாவம் இல்ல?" பவுனம்மாள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பெட்டியில கெடந்த வரைக்கும் ஒண்ணுமில்ல. இன்னிக்குக் காலையில, ஒளிச்சி வெக்க முடியாம, செல்ல நீட்டி, பாரும்மா நைனான்னு காட்டறா. நாளைக்குப் பனமலைக்காரங்க வராங்க. அவுரு கூடப் பொறந்த அண்ணன் வராரு. இந்தக் கப்ப கையில வாங்கிப் பாத்துட்டு யாருடா இவன்னு கேப்பாரு. மாப்ள வூட்டுக்காரங்க முன்னால கேப்பாரு. என்னா நெனைப்பாங்க? எவன் படத்தயோ அப்பன்னு போட்டுருக்கறாளே, இவ யாருக்குப் பொறந்தவன்னு கேக்க மாட்டாங்க?"

மிஷின் காலியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஜெயசுதா அதை அணைத்தாள்.

"பொண்ணுகிட்ட சொல்லிடுங்கக்கா. படிச்ச பொண்ணு. புரிஞ்சிக்கும்."

"புரிஞ்சிக்கும். எப்ப? தாலி ஏறப்போற நேரத்துலயா? டீச்சர் வேலை கெடைச்ச அன்னிக்கு பெட்டியத் தொறந்து அந்தப் படத்து முன்னால வுழுந்து கும்புட்டா. மார்க் வந்தாலும் அதுகிட்டதான் சொல்லுவா, காய்ச்சல் வந்தாலும் அதுகிட்டதான் சொல்லுவா. அது யாரோன்னு இப்ப சொன்னா, இத்தினி வருசமும் யாருகிட்ட பேசுனான்னு ஆவும்?"

ஜெயசுதா கப்பு ஒன்றைத் துணியால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நீ ஒண்ணு பண்ணும்மா." பவுனம்மாள் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்குகிற குரல். "அவுரு இல்லாம போட்டுக் குடு. தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லு. உங்கையால தவறிப்போச்சுன்னு."

"நானா?"

"நான் சொன்னா எதுக்குன்னு கேப்பா. நீ சொன்னா திட்டுவா, அழுவா, அதோட போவும். நீ யாரோதானம்மா? நாளைக்குப் பின்ன அவ மூஞ்சியில நீ முழிக்கத் தேவல்ல. நான் முழிக்கணும்."

நீ யாரோதானே. ஜெயசுதா அந்த வார்த்தையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அது வலிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். தம்பி மனைவியின் கேள்வி வலித்தது போலவோ, ரேஷன் கடையில் கடந்து போகிற முகங்களைப் பார்க்கும்போது வலித்தது போலவோ. வலிக்கவில்லை. இந்த ஊரில் முதல்முறையாக ஒருத்தர் அவளிடம், அவளால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் ஒன்றைக் கேட்கிறார். அதற்கு அவளிடம் இருக்கிற தகுதி, அவள் யாருக்கும் யாருமில்லை என்பது.

கைத்தவறு என்று சொன்னால் ஆனந்தராஜ் என்ன செய்வார் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நல்ல மனிதர்தான். கத்த மாட்டார். அடுத்த தையில் கூப்பிட மறந்துவிடுவார்.

"இந்த நூத்தி நாப்பத என்னா பண்றது?" என்று கேட்டாள்.

*

கடைக்குப் பின்னால் டயர் கடைக்காரரின் பழைய டயர்கள் அடுக்கிக் கிடக்கும் சந்து. கப்புகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, கருங்கல் ஒன்றால் பவுனம்மாள் அடித்தாள். வயலில் வேலை செய்த கை. ஒவ்வொரு அடிக்கும் சாக்கு உள்ளே இறங்கியது. ஜெயசுதா அடுத்த சாக்கைப் பிடித்துக்கொண்டாள். நேற்று முழுக்கத் தன் கையால் வண்ணமேற்றியவை நொறுங்கும் சத்தம், யாரோ கண்ணாடி வளையல்களை அள்ளிப் போடுவதுபோல் கேட்டது.

"பாவம் இந்தாளு" என்றாள் பவுனம்மாள், மூச்சு வாங்க. "சம்பளம் இல்லாம இத்தினி வருசம் எம் பொண்ணுக்கு அப்பனா இருந்தாரு. சோறுகூட போட்டதில்ல."

ஜெயசுதா சிரித்தாள். இரண்டு பேரும் சாக்கின்மேல் கை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தார்கள். பிறகு பவுனம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூக்காரங்கிட்ட போறேன்னு சொல்லிட்டு வந்தேன். பூ வாங்கிக்கினு போவணும்" என்று கிளம்பினாள். வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பினாள்.

"உம் பேரு இன்னாம்மா?"

ஜெயசுதா சொன்னாள். பவுனம்மாள் தலையாட்டினாள். அந்தப் பெயரை அவள் திரும்பச் சொல்லிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரக் கல்யாணத்துக்கு வைத்திருந்த பெட்டிகளை உடைத்து ஜெயசுதா வெள்ளைக் கப்புகளை எடுத்தாள். திரையில் நீலச் சட்டைக்காரரை எடுத்தபோது, தமிழினிக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விழுந்தது. அம்மாவை நகர்த்தி மகளோடு ஒட்ட நிறுத்தினாள். கடையை மூடும் வரை போட்டாள். மறுநாள் விடிந்ததும் வந்து மிச்சத்தையும் போட்டு முடித்தாள்.

*

பத்து மணிக்குத் தமிழினி வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி. உடன் வந்த சிறுமி கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாக்கெட் கட்டுவதற்கு முன்னால் ஒரு கப்பைப் பார்க்க வேண்டும் என்று தமிழினி வந்திருந்தாள்.

கப்பை அவளால் எடுக்க முடியவில்லை. குனிந்து, மேசையைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

"நைனா எங்கக்கா?"

ஜெயசுதா பல முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். "படத்த அடுக்கு அடுக்கா வெப்போம்மா. ஒவ்வொருத்தரும் ஒரு அடுக்கு. உங்க நைனா இருந்த அடுக்கு மறைஞ்சிருந்துச்சு. பாக்காம பிரிண்ட் குடுத்துட்டேன். எல்லாம் போட்டு முடிச்சப்பறம்தான் பாத்தேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"மாத்திப் போடுங்க. டைம் இருக்குதே, சாயங்காலம்தான?"

"கப்பு இல்லம்மா. மொதலாளி வாங்கியாறதுக்கு ராத்திரி ஆவும்."

தமிழினி கையை விரித்தபடியே நின்றாள். மருதாணி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணீரைத் துடைக்க வழியில்லாமல் தோளில் கன்னத்தைத் தேய்த்தாள். பிறகு, வகுப்பில் பேசுகிற நிதானத்தை எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு, "ஒண்ணு மட்டும் போட்டுக் குடுங்கக்கா" என்றாள். "ஒரே ஒரு கப்பு. எனக்கு. மேடையில பக்கத்துல வெச்சிக்கறேன். அது போதும்."

அலமாரியில் நான்கு வெள்ளைக் கப்பு மிச்சமிருந்தது. ஜெயசுதா நின்ற இடத்திலிருந்து அலமாரிக் கதவு இரண்டடி. மூன்று நிமிட வேலை. இந்தப் பெண்ணுக்கு அந்த முகம் பொய்யில்லை. காய்ச்சலில் பேசியதெல்லாம் அந்த முகத்தோடுதான். ஒன்றைப் போட்டு, ஒளித்து வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தால்? ஒளிக்க எதற்கு என்று கேட்பாள். மேடையில்தான் வைப்பாள். பனமலைப் பெரியப்பா ஆசீர்வாதம் பண்ண மேடை ஏறுவார்.

"இல்லம்மா."

"ஒரு கப்புகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல."

தமிழினி அவளை முழுதாகப் பார்த்தாள். இதுவரை கடைக்காரியாக இருந்தவளை இப்போதுதான் ஆளாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"உங்களுக்கு இது ஒரு ஆர்டரு. போட்டா போட்டீங்க, வுட்டா வுட்டீங்க. உங்களுக்குன்னு யாராவது இருந்தா தெரியும்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "ரெண்டாவது தடவ சாவடிச்சிட்டீங்க எங்க நைனாவ."

உடன் வந்த சிறுமி ஜெயசுதாவைப் பயத்தோடு பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.

ஜெயசுதா கப்புகளை அடுக்கிய பெட்டியை மூடி நாடா ஒட்டினாள். நாடா நேராக வரவில்லை. பிரித்து மறுபடி ஒட்டினாள்.

*

ஆனந்தராஜ் சென்னையிலிருந்து கூப்பிட்டார். "ஆறு சீசன்ல உங்கிட்ட ஒரு தப்பு பாத்ததில்ல சுதா. பொண்ணு எனக்குப் போன் பண்ணி அழுவுது. நீயே மண்டபத்துக்குப் போயி எறக்கிட்டு, பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு" என்றார். போனை வைத்துவிட்டார்.

பெட்டிகளோடு குட்டி யானை வண்டியில் போய் இறங்கியபோது மண்டபத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். மேளம் ஒரு பக்கம், பாட்டுக் கச்சேரி ஒரு பக்கம். பந்தியிலிருந்து சாம்பார் வாசனை. மேடையில் தமிழினி கத்தரிப்பூ நிறப் பட்டில் நின்றாள். வாசலில் பெட்டியைப் பிரித்து, முதலில் வந்த பெரியவர்களுக்குக் கப்பைக் கையிலேயே கொடுத்தார்கள். வெள்ளை மீசை வைத்த ஒருவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பெரிப்பா இதெல்லாம்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"பொண்ணு, மாப்ள, இது எங்க தம்பி பொஞ்சாதி" என்றார் அவர். கப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். வேறு கேள்வி எதுவும் எழவில்லை.

ஜெயசுதா காலிப் பெட்டியை மடித்துச் சுவரோரம் வைத்தாள். போய்விடலாம் என்று திரும்பினாள். மேடையிலிருந்து தமிழினி அவளைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பி, கீழே நின்ற அம்மாவிடம் ஏதோ சொன்னாள்.

பவுனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புதுப் புடவை விறைப்பாக நின்றது. நேற்று சந்தில் சிரித்த முகம் அதில் எங்கேயும் இல்லை.

"நீதானா அது? எம் புருசன அழிச்சவ நீதானா?"

"மன்னிச்சிடுங்க. தெரியாம நடந்துபோச்சு."

"தெரியாமலா?" பவுனம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். மேடையில் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு படந்தான இருந்துச்சு? ஒண்ணே ஒண்ணு. அதுலயாவது இருக்கக் கூடாதா அந்த மனுசன்?"

"வுடு பவுனு, அந்தப் பொண்ண வுடு" என்று யாரோ சொன்னார்கள்.

"எப்பவும் வேலை, வேலை. ஒரு நிமிசம் நேரா நின்னிருக்கக் கூடாதா? மிஷினு ஓடுனா ஓடட்டும்னு வுட்டுட்டு ஒருக்கா இந்தப் பக்கம் பாத்திருக்கக் கூடாதா? பொண்ணு பொறந்துருக்குதே, நாளைக்கு மூஞ்சி கேக்குமேன்னு தோணுச்சா? ஒரு காது. எனக்கு ஒரு காதக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் என்னவோ பேசுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் குரல் உடைந்து, வார்த்தைகள் கலைந்து, வெறும் அழுகையானது. எத்தனையோ வருடங்களுக்கு முன்பு அழுதிருக்க வேண்டியதை, இங்கே, இந்த மேளச் சத்தத்துக்கு நடுவில், திட்டுகிற சாக்கில் அவள் அழுதுகொண்டிருந்தாள். அது ஜெயசுதா ஒருத்திக்குத்தான் தெரியும். ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தால் இருவருமே அகப்பட்டுக்கொள்வார்கள். தலையைக் குனிந்துகொண்டு, திட்டு வாங்குகிறவள் நிற்கிற மாதிரியே நின்றாள்.

"நல்ல நாள்ல அழுவாத பவுனு. பொண்ணு பாக்குது பார்."

மேடையிலிருந்து தமிழினி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தாள். "அம்மா, வுடும்மா. படம் போனா போவுதும்மா. நீ அழுவாத." அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒட்டி நின்றார்கள். கப்பில் இருப்பதைவிட நெருக்கமாக.

வாய் திட்டி ஓய்ந்த பிறகும் பவுனம்மாளின் கை ஜெயசுதாவின் மணிக்கட்டை விடவில்லை. அது திட்டுகிறவள் பிடிக்கிற பிடி இல்லை. சந்தில் சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்த அதே பிடி. விரல்கள் ஒருமுறை இறுகின. பெண்கள் தோளைப் பிடித்து இழுத்தபோதுதான் அவை ஒவ்வொன்றாக விட்டன.

"நீ கெளம்பும்மா" என்றார் வெள்ளை மீசைக்காரர், ஜெயசுதாவிடம். "நின்னுக்கினே இருக்காத."

அவள் இறங்கி ரோட்டுக்கு வந்தாள். மண்டபத்தில் பாட்டு மறுபடி தொடங்கியது. அறைக்குப் போகிற வழியில் டீக்கடை திறந்திருந்தது, அவள் நிற்கவில்லை. கைபேசியில் தம்பி மனைவியின் செய்தி வந்திருந்தது. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தாள். பவுனம்மாளின் பிடியில் மணிக்கட்டில் வளையல் அழுந்திய இடம் சிவந்து எரிந்தது. அந்தக் கையால் எதையும் தொடாமல், இன்னொரு கையால் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜெயசுதா நடந்தாள்.